பென்சில் நுழையாத கட்டு

விருதுநகர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து சூலக்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் சால்வை, வலது கையில் ரோஜா மாலை, இடது கக்கத்தில் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரம். வழியில் பைக்கை நிறுத்திய ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாமா, கல்யாணமா?"

"ரிட்டயர்டுப்பா."

"அதுக்கு ஏன் நடந்து போறீக? ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்."

வேண்டாம் என்றேன். ஒரு இடத்தை விட்டு நான் நடந்து வெளியேறுவது இது பன்னிரண்டாவது முறை. மாலை போட்டு அனுப்பியது இதுதான் முதல் முறை. மற்ற இடங்களில் சொல்லிக்கொண்டு வந்ததே கிடையாது. அதனால் இதையாவது நிதானமாக நடந்து அனுபவிக்கலாம் என்று நினைத்தேன்.

விழாவில் எங்கள் பிசியோதெரபிப் பிரிவுப் பிள்ளைகள் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்கள். "அண்ணே, நீங்க அடிக்கடி சொல்ற பென்சில் கதைய இதுல எழுதிக் குடுங்க" என்றார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட வேண்டிய தேவை அதிகம் இல்லை. இப்போது முட்டிக்கு வாங்கி மாட்டுகிற உறை வந்துவிட்டது. நாலு ஒட்டுப்பட்டை, பர்ரென்று இழுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பட்டையையும் ஒரு மனுசன் கைதான் இழுக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை அன்று, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸுக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது வெம்பக்கோட்டையில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றும் வேலை கிடைத்தது. சின்னக் காகித உருண்டை மேல் சணலை வரிவரியாக இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்று இறுகினால் வெடி காதைப் பிளக்கும். தளர்ந்தால் புஸ்ஸென்று புகைந்து அடங்கிவிடும். போர்மேன் குண்டைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் அமுக்குவார். விரல் கொஞ்சம் அமுங்கினாலும் தூக்கி என் மடியிலேயே எறிவார். நாலு வருஷத்தில் என் விரல்கள் இறுக்கம் என்ற ஒன்றைத்தான் படித்தன.

பிறகு திருப்பூர், கோயம்புத்தூர், ஒரு லாரியில் கிளீனராக நாக்பூர் வரைக்கும், சாங்லியில் மஞ்சள் கிடங்கு, ஐதராபாத்தில் பரோட்டா மாஸ்டருக்குக் கைஆள். சில இடத்தில் சாப்பாடு சரியில்லை, சில இடத்தில் முதலாளி சரியில்லை, சில இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் எனக்குக் கால் அரித்தது. முப்பத்தொரு வயதில் விருதுநகரில் வந்து இறங்கியபோது ஒரு ஆஸ்பத்திரியில் தரை கூட்டும் வேலை காலியாக இருந்தது. மழைக்காலம் முடியும் வரை இருக்கலாம் என்று சேர்ந்தேன்.

நடைப் பயிற்சிக்காக இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஒரு சாதனம் அங்கே உண்டு. நோயாளிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஒருநாள் ஒரு கம்பியின் பிடி கழன்று ஆடியது. கூட்ட வந்தவன் சும்மா போகாமல் ஒரு கயிறை எடுத்துச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்கள். குள்ளமான ஒரு அம்மா அந்தக் கம்பியில் முழு உடம்பையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். கட்டு அசையவில்லை.

"இத யார் கட்டுனது?"

"நான்தான் மேடம்."

"நாளையிலருந்து வெளக்கமாத்த வேற ஆள்கிட்டக் குடுத்துருங்க. நீங்க இங்கன வந்துருங்க."

அவர்தான் நூர்ஜகான் மேடம், எங்கள் பிரிவின் தலைமைப் பிசியோதெரபிஸ்ட். ஊரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். எதையும் கையில் அள்ளிப் பார்க்காமல் நம்பமாட்டார், அது மண்டிப் பழக்கம் என்று அவரே சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். எழுதுவதற்கு அல்ல, எழுத அவர் பேனா வைத்திருந்தார்.

புது நோயாளி வந்தால் எங்கே வலி என்று முதலில் கேட்கமாட்டார். தரையில் ஒரு பாயை விரிக்கச் சொல்வார். "வேல செய்யும்போது எப்படி உக்காருவீக? உக்காந்து காட்டுங்க" என்பார். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிறவர் ஒரு மாதிரி உட்காருவார், அச்சகத்தில் தாள் மடிக்கிறவர் வேறு மாதிரி உட்காருவார். மேடம் அவர்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்த முட்டி தரையில் படுகிறது, எந்தக் கணுக்கால் மடங்கியிருக்கிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் கட்டில். இரண்டு கை வைத்த அளவுகோலை முட்டிக்குப் பக்கத்தில் பிடித்து எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்று குறிப்பார். கட்டு ஏதும் போட்டிருந்தால் கடைசியாகப் பென்சில் வெளியே வரும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் அதை நுழைப்பார், முக்கியமாக முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்தில். பென்சில் போய் வர வேண்டும். பிறகு, "பெருவெரலத் தூக்குங்க." தூக்கினால் வீட்டுக்குப் போகலாம்.

ஏன் அந்த இடம் என்று முதல் மாதமே காட்டினார். நீங்களும் தொட்டுப் பாருங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு சின்ன எலும்புக் குமிழ் தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு அந்தக் குமிழைச் சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. மேலே சதை கிடையாது, தோல் மட்டும்தான். "ஒடம்புல இம்புட்டுப் பெரிய வேல பாக்குற நரம்ப இம்புட்டு வெளியில வச்சுருக்கு. நாமதான் பாத்துக்கணும்" என்றார்.

எல்லாம் தலையில் ஏறியது. கையில் ஏறவில்லை. என் கை வெம்பக்கோட்டையில் படித்த கை.

நான்காவது வருஷம், தை மாதம், கனகவல்லி வந்தாள். திருத்தங்கலில் இருந்து பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும். சரவெடிக்குச் சரம் பின்னுவது அவள் வேலை. கம்பெனி வேனில் இருந்து இறங்கும்போது படி வழுக்கி வலது முட்டி திருகிவிட்டது. எலும்பு முறியவில்லை, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் முட்டி மடங்கக் கூடாது என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். காலுக்குப் பின்னால் ஒரு நீளத் தகடு வைத்து, பஞ்சு சுற்றி, அதன் மேல் துணிக் கட்டுப் போட வேண்டும்.

அன்று மேடம் இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கட்ட ஆரம்பித்தேன்.

"என்னண்ணே, கொலுசு மாட்டுற மாதிரி மெள்ளச் சுத்துறீக? கொஞ்சம் இறுக்குங்க."

"வலிக்கும் தங்கச்சி."

"வலிச்சாச் சொல்ல வாயில்லையா எனக்கு? ஆமா, நீங்க வெடிக் கம்பெனியில இருந்தீகளா? கை ஓடுறதப் பாத்தா அப்படித் தெரியுது."

"வெம்பக்கோட்டைப் பக்கம். அணுகுண்டுக்குச் சணல் சுத்துனேன்."

"அப்படிச் சொல்லுங்க! ஆள் தெரியாமப் பேசிட்டேன். அப்ப இதயும் அணுகுண்டுன்னு நெனச்சுச் சுத்துங்கண்ணே. புஸ்ஸுன்னு போயிறக் கூடாது பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். பஞ்சு கூடினால் கட்டுத் தளரும் என்று அந்தக் குமிழ் மேல் வைக்க வேண்டிய கூடுதல் பஞ்சை எடுத்துவிட்டேன். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கவில்லை. மேடம் வைத்துவிட்டுப் போன பென்சில் இழுப்பறையில் இருந்தது. நான் இழுப்பறையைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து, நீளமான தாழ்வாரத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு காலடி சாதாரணமாக, அடுத்த காலடி தப்பென்று தரையில் அறைகிற மாதிரி. மேடம் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். ஆளைப் பார்க்கும் முன்னால் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கனகவல்லி வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்போதும் சிரித்தாள்.

"அண்ணே, முட்டி சோலியில்லாம இருக்கு. பாதந்தான் எங்கூட வர மாட்டேங்குது."

ரெண்டாம் நாளே விரல்கள் மரத்திருக்கின்றன. கட்டு நன்றாகப் பிடித்திருப்பதற்கு அடையாளம் என்று அவளாக முடிவுசெய்து பேசாமல் இருந்திருக்கிறாள். பின்னுகிற ஷெட்டில் தினமும் சாயங்காலம் கால் மரத்துத்தான் எழுந்திருப்பார்களாம். மரத்துப்போவது அவளுக்குச் செய்தியே இல்லை. பாதம் தொங்கிய பிறகுதான் வீட்டில் வாதம் என்று அழ ஆரம்பித்திருக்கிறார்கள்.

மேடம் கத்தரியால் கட்டைக் கீழிருந்து மேலாக வெட்டினார். குமிழ் இருக்கும் இடத்தில், தோலில் ஒரு பள்ளம் வரியாக விழுந்திருந்தது. பென்சிலின் மொட்டை முனையால் அங்கே மெதுவாகத் தட்டினார்.

"ஏய் யம்மா! சுர்ருன்னு பாதம் வரைக்கும் போகுது."

பஞ்சைத் திரித்துப் பாதத்தின் மேல்பக்கம் தடவினார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தடவியது அவளுக்குத் தெரியவே இல்லை. "பாதத்தக் கீழ அமுக்குங்க." அமுக்கினாள். "இப்ப மேல தூக்குங்க." அவள் முகம் முழுக்கச் சுருங்கியது, தொடை இறுகியது, பாதம் அப்படியே கிடந்தது.

"முதுகுல எதும் கோளாறா மேடம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல. வாதமும் இல்ல. நாங்க போட்ட கட்டு நரம்ப அமுக்கிருச்சு. தப்பு எங்க மேல."

'இவர்' என்று என்னைக் காட்டவில்லை. 'நாங்க' என்றார். கட்டுப் போட்ட அன்று அவர் ஊரிலேயே இல்லை.

கனகவல்லி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "வருமா மேடம்?"

"நரம்பு அறுந்து போகல, நசுங்கித்தான் இருக்கு. பெரும்பாலும் வரும். ஆனா எந்தத் தேதிக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கணும். மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப நேந்துக்கிட்டேன். வெறுங்கால்ல நடக்கணும். கையில சட்டியோட கால் தடுக்குச்சுன்னா..." அவள் நிறுத்திக்கொண்டாள். தீ கையை விட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று பட்டாசு வேலை பார்க்கிற பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். "முத்தையா, அதே கட்ட உங்க கால்ல போடுங்க. தகடு வேணாம், துணி மட்டும்."

வேட்டியை ஒதுக்கி என் வலது முட்டிக்குக் கீழே கட்டினேன். கை தானாகவே அப்படித்தான் கட்டியது. மேடம் குனிந்து, வெளிப்பக்கத்தில் பென்சிலை நுழைத்தார். நுழையவில்லை. கொஞ்சம் அழுத்தினார். பென்சில் முனை முறிந்து என் பாதத்தில் விழுந்தது. "ம்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அந்த 'ம்' என்னை உட்காரவிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். இதே ரோடுதான், இதே திசைதான். சூலக்கரையில் நின்றால் சாத்தூர்ப் பக்கம் போகிற பஸ் ஏதாவது வரும், அதற்கப்புறம் எந்த ஊராக இருந்தால் என்ன?

கட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன். பாதி வழியில் சுண்டுவிரல் குறுகுறுத்தது. வெயிலில் தார் ரோடு சுடுகிறது என்று நினைத்தேன். பிறகு சூடும் தெரியவில்லை. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்துக்கு வந்து நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பஸ் வந்தது. எழுந்து ஓடினேன். வலது செருப்பு பின்னால் ரோட்டிலேயே கிடந்தது, கழன்றது எனக்குத் தெரியவில்லை. குனிந்து மாட்டப் பார்த்தேன், விரல்கள் செருப்பின் வாரைப் பிடிக்கவில்லை. கண்டக்டர், "யோவ், பகல்லயேவா?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

அப்போதுதான் கட்டு ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்தேன். பாதத்துக்குள் ஆயிரம் எறும்பு ஓடியது. பெருவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது மெள்ள மேலே வந்தது. எனக்கு ஒரு மணி நேரக் கட்டு. அவளுக்கு நாலு நாள். என் விரல் வந்துவிட்டது. அவள் விரல் வருகிறதா இல்லையா என்று தெரியாமல் நான் சாங்லியில் போய் எந்த மஞ்சளை மூட்டை கட்டுவது?

இதுவரை எந்த இடத்துக்கும் திரும்பிப் போனதில்லை. எப்படித் திரும்பிப் போவது என்றுகூடத் தெரியவில்லை. கட்டுத் துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மேடம் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீகளா?"

"இல்ல மேடம்."

"சாப்பிட்டு வாங்க. மூணு மணிக்கு ரெண்டு முட்டி வருது."

அவ்வளவுதான். சாப்பிட்டு வந்தபோது அந்தப் பென்சில் என் மேசைமேல் இருந்தது. அன்று முதல் அது என் சட்டைப் பையில்.

கனகவல்லி வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து வந்தாள். முட்டிக்குப் புதுக் கட்டு, அந்தக் குமிழ் மேல் எதுவும் படாமல். பாதம் தொங்கி விறைத்துப்போகாமல் இருக்க, அடியில் ஒரு தாங்கி. மேடம் சின்னக் கரண்டு மெஷினின் முனையைக் குமிழுக்குக் கீழே வைப்பார். பாதம் வெட்டுப்பட்ட மாதிரி மேலே துள்ளும்.

"பாருங்க, தசை உசுரோட இருக்கு. தந்தி வரலைன்னு காத்துக்கிட்டு இருக்கு."

"போஸ்ட் மாஸ்டர் இந்தா நிக்கிறாரே, அவரக் கேளுங்க" என்று அவள் என்னைக் காட்டுவாள். கட்டியது நான்தான் என்று முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். "எங்கண்ணு முன்னாடிதானே கட்டுனீக, எனக்குத் தெரியாதா? இறுக்கச் சொன்ன வாயி என்னுது. ரெண்டு பேரும் சேந்துதான் குண்டு கட்டுனோம்" என்றாள். அதற்கப்புறம் என்னைக் கிண்டல் செய்வதை அவள் ஒரு வைத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். நான் வந்தால், "எல்லாரும் கால மறைங்க, அணுகுண்டு அண்ணன் வாராரு" என்பாள். நடைக் கம்பியில் இருக்கும் கிழவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

என் வேலை பயிற்சி. உட்காரவைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றச் சொல்லி, பெருவிரலுக்கு அடியில் பென்சிலைப் படுக்கவைப்பேன். விரல் எழும்ப, நான் பென்சிலை உருவ வேண்டும். அதுதான் கணக்கு. நூறு தடவை தூக்கு என்பேன். எதுவும் அசையாது. அசையாவிட்டாலும் நினைப்பில் தூக்கு என்று மேடம் சொல்லியிருந்தார். இருபது நாள் வரைக்கும் பென்சில் விரலுக்கு அடியிலேயே கிடந்தது. அவள் வாயும் அடங்கிவிட்டது. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கணுக்காலுக்கு முன்னால் தோலுக்கு அடியில் ஒரு நூல் இழுபட்ட மாதிரி தெரிந்தது. ஈ உட்கார்ந்ததோ என்று பார்த்தேன். "இன்னொரு தடவ" என்றேன். மறுபடி இழுபட்டது. விரல் அசையவில்லை, நூல் மட்டும்தான்.

"மேடம்!"

நான் போட்ட சத்தத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடம் குனிந்து பார்த்து, "தந்தி வந்துருச்சு" என்றார். கனகவல்லி என்னைப் பார்த்து, "அழுகாதீகண்ணே, காலு நனையுது" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பென்சிலை உருவினேன். முழுசாக அல்ல, பாதியில் நகம் தட்டியது. ஆனால் உருவினேன்.

பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மேடம் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். முதல் ஐம்பது அடி நன்றாக இருந்தது. அதற்கப்புறம் பாதம் களைத்து, விரல் நுனி தரையை லேசாக உரசியது. "வெறுங்கால்ல நடக்கலாம், ஆனா ஒரு வார் கட்டித்தான் நடக்கணும். இல்லன்னா நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். அம்மனுக்கு முன்னால் செருப்புதான் ஆகாது, துணிக்குத் தடையில்லை என்று அவள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். மஞ்சள் துணியில் நான் ஒரு வார் தைத்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சுற்று, அதிலிருந்து விரல் அடிவரை ஒரு பட்டை, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. கட்டிய பிறகு பென்சிலை நுழைத்தேன். நுழைத்து எடுத்தேன். இன்னொரு தடவையும் நுழைத்தேன்.

"அண்ணே, பென்சில் தேஞ்சுரும்" என்றாள்.

அன்று அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தேன். வேப்பிலை, மேளம், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சட்டிகள், தண்ணீர் ஊற்றிய ஈரத் தெரு. எல்லாரும் தீயைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் அவள் வலது பெருவிரலைப் பார்த்தேன். எழும்புகிறது, ஊன்றுகிறது, எழும்புகிறது. கோயில் தெருத் திருப்பத்தில் ஒரு கல் பெயர்ந்து நின்றது. "கல்லு!" என்று கத்தினேன். அவள் தீயை விட்டுக் கண்ணை எடுக்காமல், பாதத்தை ஒரு சாண் உயரத் தூக்கி, கல்லைத் தாண்டி வைத்தாள். நான்தான் அடுத்த கல்லில் தடுக்கிப் பின்பக்கமாக விழுந்தேன். சட்டியை இறக்கிவைத்த பிறகு அவள் வந்து கேட்டது, "பென்சில் ஒடஞ்சுருச்சாண்ணே?"

நான் விருதுநகரை விட்டுப் போகவில்லை. அடுத்த மழைக்காலம், அதற்கடுத்த மழைக்காலம் என்று இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. எத்தனையோ முட்டிகள் வந்தன. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பென்சில் நுழைந்தது. நூர்ஜகான் மேடம் ஓய்வு பெற்று மகனோடு திண்டுக்கல்லில் இருக்கிறார். விழா நடக்கும்போது போனில் வந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், "பென்சில எங்க வச்சுருக்கீக?" என்று கேட்டார். பையில் இருக்கிறது என்றேன். "ம்" என்றார். இது வேறு 'ம்'.

அந்த யோசனையோடு கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தை வந்தடைந்தேன். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. வாடகை அறையை ஒரு மாதத்தில் காலிசெய்வதாகச் சொல்லியிருந்தேன். சாத்தூர்ப் பக்கம் போகிற பஸ் தூரத்தில் தெரிந்தது. போன் அடித்தது.

"அண்ணே, எங்கன இருக்கீக?" கனகவல்லி.

"சூலக்கரை பஸ் ஸ்டாப்ல."

"மாலையோடயா? யாரும் பொண்ணு குடுத்துறப் போறாக. எங்க கெளம்பிட்டீக?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப நான் பண்ணிட்டேன். காலையில எட்டு மணிக்குத் திருத்தங்கலுக்கு வாங்க. ஒரு வேல இருக்கு."

"ஏ தங்கச்சி, எனக்கு இன்னைக்குத்தான் ரிட்டயர்டு."

"சிரிக்கிறதுக்குச் சொல்லலண்ணே." அவள் குரல் மாறியது. பட்டாசு வேலையை விட்டு, சின்னதாக ஒரு பைண்டிங் கம்பெனி நடத்துகிறாள். தினசரிக் காலண்டர் தாள்களை வரிசையாக அடுக்கித் தட்டி அட்டையில் சேர்க்கிற இடம். பதினான்கு பெண்கள், எல்லாரும் தரையில். "சீசன் வந்துருச்சு. கையில ஆர்டர் நெறைய. ஒருத்தியும் எந்திரிக்க மாட்டேங்குறா. நான் கத்துறது யார் காதுலயும் ஏறல. நேத்துச் சாயங்காலம் மாலதின்னு ஒருத்தி எந்திரிச்சு நடந்தா. தப்புன்னு ஒரு சத்தம். ஒரு நிமிசத்துல சரியாயிருச்சுன்னு அவளே சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலண்ணே."

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். முதலில் பாயை விரிக்கச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை, எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி ஒரு நடை நடந்தேன். பதினான்கு பேரில் பதினொருவர் வலது காலை மடித்து, முட்டியின் வெளிப்பக்கத்தை மரப் பலகையின் விளிம்பில் சாய்த்திருந்தார்கள். மாலதியைக் கூப்பிட்டுப் பெருவிரலைத் தூக்கச் சொன்னேன். "டாக்டரா நீங்க?" என்று கேட்டுக்கொண்டே தூக்கினாள். விரலுக்கு அடியில் பென்சில் தாராளமாகப் போய் வந்தது. எனக்கு மூச்சு வந்தது.

விளிம்புகளில் பழைய துணியைச் சுற்றச் சொன்னேன். பிறகு காகிதத்தைப் பிரித்து, நேற்று விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டினேன்.

"மணி பாக்க வச்ச ஆளா இவரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாத்தா. அதான் என் வேல" என்றேன்.

பெரிய முள் ஆறைத் தொட்டது. லாரிக் கிளீனராக இருந்து கத்திப் பழகிய தொண்டையைத் திறந்து கத்தினேன்: "எல்லாரும் கால மாத்துங்க! எந்திரிச்சு நாலு எட்டு நடந்துட்டு உக்காருங்க!"

முனகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு பதினான்கு பேரும் எழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காலடிகளைக் கேட்டேன். ஒரு காலடியும் தப்பென்று அறையவில்லை. கண்ணைத் திறந்தபோது, எதிரே மேசையில் உட்கார்ந்து ஆர்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த கனகவல்லி, என் பக்கம் பார்க்காமலே, வலது குதிகாலைத் தரையில் ஊன்றிப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.